எத்தனை கரண்டி

பிள்ளைய அசைக்காத தாயி, தூங்கட்டும். பாட்டிலை இங்கிட்டுக் குடு, நான் கலந்து வைக்கிறேன். ஒரு கையில பிள்ளை, ஒரு கையில ஃப்ளாஸ்க்குன்னு நீ என்ன வித்தையா காட்டப் போற? சுடுதண்ணி பிள்ளை மேல கொட்டிருச்சுன்னா யாரு பதில் சொல்றது? குடு. பஸ்ஸு கெளம்ப இன்னும் கால்மணி நேரமாகும். டிரைவர் இப்பத்தான் டீக்கடைப் பக்கம் போறாரு. திண்டுக்கல்ல எந்தப் பழனி பஸ்ஸு சொன்ன நேரத்துக்குக் கெளம்பியிருக்கு?

எத்தனை மாசம்? அஞ்சா? ஆம்பளைப் பிள்ளைதான? கையைப் பாத்தாலே தெரியுது. பேரு? இளம்பரிதியா, நல்ல பேரு. பழனியில மாமியார் வீடா? சரி, சரி.

இந்தா தண்ணி ஊத்தியாச்சு. கோடு வரைக்கும் வந்துருச்சு. ஆத்தாடி, என்னா சூடு, பாட்டிலைப் பிடிக்க முடியல. பொடி டப்பா இதா? இந்தா, போட்டாச்சு. மூடியத் திருகி நல்லாக் குலுக்கணும், கட்டி தட்டாம. ஆச்சு. என் மடியிலயே இருக்கட்டும், பிள்ளை முழிக்கிறதுக்குள்ள ஆறிரும். நீ ஒண்ணும் யோசிக்காத, நான் ரெண்டு பிள்ளை வளத்தவ.

எங்கயா? நான் ஒட்டன்சத்திரம் வரைக்கும். தம்பி வீட்டுக்கு. அவன் மகனுக்கு இன்னைக்கு மொதப் பொறந்தநாளு. மண்டபமெல்லாம் பிடிச்சிருக்காங்களாம். பத்திரிகை எனக்கு வரல. பக்கத்து வீட்டு ராசாத்திக்கு போன்ல வந்துச்சு. அவதான் காட்டுனா. "என்ன மதினி, உங்களுக்கு வரலையா?"ன்னு கேட்டா. அத்தைக்கு என்னாத்துக்குடி பத்திரிகை, வீட்டு ஆளுக்கு யாராச்சும் பத்திரிகை வெப்பாங்களான்னேன். வாய அடைக்கணும்ல.

பிள்ளைக்கு வெள்ளியில அரணாக்கொடி வாங்கியிருக்கேன். அத்தை மொறை செய்யாம வேற யாரு செய்வா? இந்தா பாரு. கடைக்காரன் இடுப்பு அளவு கேட்டான். என்ன அளவச் சொல்ல? கடைசியா நான் அவனத் தூக்குனப்ப இந்தா, உன் பிள்ளை இருக்குற அளவுதான் இருந்தான். ஏழு மாசமாச்சு. என் ரெண்டு கையையும் கூட்டி இம்புட்டுன்னு காட்டுனேன். "இது பத்தாதும்மா, ஒரு வயசுப் பிள்ளைக்கு"ன்னு சிரிச்சான். அவன் சொன்ன அளவுலதான் வாங்கியிருக்கேன். எனக்கென்னமோ பெருசாத் தெரியுது.

ஏழு மாசமா ஏன் பாக்கலைன்னு கேக்குற. கேளு, கேளு. உங்கிட்ட சொன்னா என்ன. பஸ்ஸுல பாக்குற ஆளு, ஒட்டன்சத்திரத்தோட நீ யாரோ நான் யாரோ.

என் தம்பி கனகவேலு இருக்கானே, அவனை நான்தான் வளத்தேன். அவன் பொறந்து முப்பது நாள் ஆகல, எங்கம்மா மஞ்சக் காமாலையில போயிருச்சு. எனக்குப் பதினோரு வயசு. ஆறாப்பு படிச்சுக்கிட்டிருந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்துப் பையை ஆணியில மாட்டினவதான், அது அங்கயே தொங்கிக் கிழிஞ்சுது. அய்யா காட்டுக்குப் போயிருவாரு. நானு, சங்கு, பால் சொம்பு, பிள்ளை. கோனார் வீட்டுப் பசும்பாலு. பச்சப் பிள்ளைக்குப் பசும்பாலு கெட்டி, செமிக்காது, ஒண்ணுக்கு மூணு தண்ணி விட்டுக் காய்ச்சுன்னு கோனார் வீட்டம்மா சொல்லிக் குடுத்துச்சு. அப்படித்தான் காய்ச்சுனேன். சங்குல ஊத்தி ஊத்தி வளத்தேன். பெறகு என்னை ரெண்டு எடத்துல இருந்து பொண்ணு கேட்டு வந்தாங்க. நான் போயிட்டா இவனுக்கு யாரு சோறு போடுவான்னு வேணாம்னுட்டேன். இன்னைக்கு அவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல கமிஷன் கடை வெச்சு ஆறடி ஆளா நிக்கிறான்னா அது அந்தத் தண்ணிப் பாலுதான்.

அவனுக்கு நான்தான் பொண்ணும் பாத்தேன். சுகந்தி. கணக்கு டீச்சரு. நல்ல பொண்ணுதான், நான் அவளைக் குத்தம் சொல்லல. ஆனா எல்லாத்துக்கும் அவளுக்கு ஒரு கணக்கு. சோத்துக்குத் தண்ணி வெக்கிறதுக்கும் டம்ளர்ல அளப்பா. பிள்ளை பொறந்தப்ப ஆஸ்பத்திரியில யாரையும் கிட்ட விடல. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு குடுக்கக்கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்களாம். அப்ப சேனை வெக்கிறது? யாராச்சும் ஒரு நல்ல ஆளு சீனித்தண்ணியத் தொட்டு வாயில வெச்சாத்தான பிள்ளைக்குக் கொணம் படியும்? அவ அசந்து தூங்குறப்ப நான் சுண்டுவிரலைத் தொட்டு வெச்சுட்டேன். ஒரே ஒரு சொட்டு. அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை என் கொணம்தான், பாத்துக்கிட்டே இரு.

பேரு என்னமோ ஆதிரன்னு வெச்சிருக்காங்க. நான் கருப்புன்னுதான் கூப்பிடுவேன், எங்க கொலசாமி பேரு. மூணாம் மாசமே இவ பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா. பாலும் பத்தல. டப்பாப் பாலு, இதே மாதிரி. அதைக் கலக்குறதப் பாக்கணுமே நீ! பாட்டிலை வெந்நியில வேக வெச்சு, கையைச் சோப்புப் போட்டு, கண்ணு மட்டத்துக்குத் தூக்கிக் கோட்டைப் பாத்து, கரண்டியத் தலைதட்டி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி... பாலா கலக்குற, பட்டாசு மருந்தா கலக்குறன்னு கேட்டேன். சிரிக்கக்கூட இல்ல. எண்ணும்போது பேசாதீங்க மதினின்னா.

ம், பஸ்ஸ எடுத்துட்டான். பிடிச்சுக்க. பாட்டில் இன்னும் சூடாத்தான் இருக்கு.

மாசிப் பச்சைக்குக் கொலசாமி கோயிலுக்குப் போனோம். எங்க பக்கம் மூணு நாளு கோயில்லயே தங்கணும். மொத நாளு சிவராத்திரி, மறுநாளு பொங்கல், மூணாம் நாளு மொட்டை போட்டு கெடா வெட்டு. பிள்ளைக்கு அஞ்சாம் மாசம், மொத மொட்டை. வேன் வெச்சுப் போனோம். கடை கண்ணி ஒண்ணும் கெடையாது, பொட்டக்காடு. இவ ஒரு பை நெறைய டப்பா, பாட்டிலு, ஃப்ளாஸ்க்குன்னு தூக்கிக்கிட்டு வந்தா.

வேனை விட்டு எறங்கல, அவளுக்கு வீட்டுக்குத் தூரமாயிருச்சு. நாள் தள்ளிக் கெடந்ததாம், அன்னைக்குத்தான் வரணுமா? என்ன செய்ய? கோயில் எல்லைக்குள்ள வரக்கூடாது. மொட்டை போடுற பிள்ளையத் தொடவும் கூடாது. ரோட்டுக்கு அங்கிட்டு ஒரு பழைய பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்துச்சு. அது வராண்டாவுல அவளும் அவ சித்தியும் இருந்துக்கிட்டாங்க. தம்பி என்னமோ, "பால் குடுக்குற நேரத்துக்கு மட்டும் பிள்ளைய அங்க கொண்டு போயிட்டு வரட்டுமாக்கா?"ன்னான். ஏன்டா, மூணு நாளு மொறையாக் காக்க முடியலைன்னா சாமி எதுக்கு, மொட்டை எதுக்குன்னு ஒரு சத்தம் போட்டேன். அடங்கிட்டான். எம் பேச்சைத் தட்ட மாட்டான் அவன். அப்ப தட்ட மாட்டான்.

அவ ரோட்டு ஓரத்துல பையைக் கீழ வெச்சா, நான் எடுத்துக்கிட்டேன். ஒரு தாளு எழுதி வெச்சிருந்தா. நூத்தி எம்பது கோடு, ஆறு கரண்டி, தலைதட்டி. கொதிச்சு ஆறுன தண்ணி. மூணு மணி நேரத்துக்கு ஒருக்க. அடியில கோடு போட்டு, "மதினி, கூட்டவும் வேணாம் கொறைக்கவும் வேணாம்"னு எழுதியிருந்தா. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. தலைச்சன் பிள்ளைக்காரி இடைச்சன் பிள்ளைக்காரிக்கு வைத்தியம் சொன்னாளாம். இவ புருசனுக்கே சங்குல பாலு ஊத்துனவ நான்!

மொதல்ல ஆறுதான் போட்டேன். பொய் சொல்லக்கூடாது. மொத நாளு மூணு தடவை ஆறு போட்டேன். பாலு வெள்ளை வெளேர்னு கெட்டியா வந்துச்சு. பிள்ளையும் குடிச்சான். சாயங்காலம் வரைக்கும் வெளிக்கிப் போகல. வயித்தத் தட்டிப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு. மந்தம்! கெட்டிப் பாலுக்கு வேற என்ன வரும்? பசும்பாலையே ஒண்ணுக்கு மூணு தண்ணி விட்டவ நான். இந்தப் பொடி அதைவிடக் கெட்டி. சரின்னு நாலாக் கொறைச்சேன். மறுநாள்ல இருந்து மூணு. தண்ணி அதே கோடு வரைக்கும்தான், தண்ணியில நான் கொறை வெக்கல. வெயிலு வேற பொளந்துச்சு. நடுவுல நடுவுல வெறும் வெந்நீயும் ரெண்டு பாட்டில் குடுத்தேன். வயிறு லேசாயிருச்சு, நல்லா எளகிப் போனான். எனக்கு அம்புட்டு நிம்மதி.

அவ ரோட்டுக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டே இருப்பா. வெயிலு பாக்காம. நான் பாட்டிலை எடுத்தாப் போதும், "மதினி, எத்தனை கரண்டி போட்டீங்க?" கொட்டுச் சத்தத்துக்கு நடுவுல அடித்தொண்டையில இருந்து கத்துவா. "எத்தனை கரண்டி?" ஊரு சனம் பூரா திரும்பிப் பாக்கும். எனக்கு மானம் போகுது. "ஆறுதான் தாயி, நீ எழுதுன மாதிரியே!"ன்னு நானும் கத்துவேன். வேற என்ன சொல்ல? மூணுன்னா அங்கயே குதிப்பா. அவளுக்கு ஒரு சமாதானம், பிள்ளைக்கு ஒரு சௌகரியம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன் தாயி. அந்த மூணு நாளு மாதிரி எனக்கு என் ஆயுசுல அமையல. பிள்ளை என்னை விட்டு எறங்கல. வேற யாருகிட்டக் குடுத்தாலும் எங்கிட்டயே தாவுவான். பாட்டில் காலியாப் போகும், அப்பவும் விடமாட்டான். வெறுங்காத்தைச் சப்பிக்கிட்டே என் மூஞ்சியப் பாப்பான். நான் பாட்டிலை உருவுனா என் சேலைத் தலைப்பைப் பிடிச்சுச் சப்புவான். என் விரலு, என் தோளு, எது கெடைச்சாலும். ராத்திரியெல்லாம் என் கழுத்துல மூஞ்சிய வெச்சுத் தேச்சுக்கிட்டே கெடந்தான். பெத்தவ ரோட்டுக்கு அங்கிட்டு நிக்கிறா, இவன் அந்தப் பக்கம் திரும்பல. சேனை வெச்ச பாசம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒரு பிள்ளை என்னைத்தான் வேணும்னு கேக்குது. நாப்பத்தி நாலு வயசுல, மொதத் தடவையா.

பாரு, உன் பிள்ளை தூக்கத்துல சிரிக்கிது. சாமி பூ காட்டுது.

மூணாம் நாளு காலையில மொட்டை. சுகந்திக்கு அண்ணன் ஒருத்தன், வைரமுத்துன்னு. அவன்தான் தாய்மாமன், அவன் மடியில உக்கார வெச்சோம். தலையில தண்ணியத் தடவி கத்திய வெச்சா எந்தப் பிள்ளையும் வீல்னு கத்தும். இவன் சிணுங்கல. கண்ணு பாதி மூடி, தலை ஒரு பக்கம் சாஞ்சு, சொன்னபடி கேட்டான். மொட்டை எடுக்குறவரே, "நான் முப்பது வருசமா எடுக்கேன், இப்படி ஒரு பிள்ளையப் பாக்கல"ன்னாரு. சாமிப் பிள்ளை, சாமிப் பிள்ளைன்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. எனக்குப் பெருமை தாங்கல. என் வளப்பு மூணு நாளுல எப்படிப் படிஞ்சிருக்குன்னு நெனச்சேன். வைரமுத்து மட்டும், "என்ன இது, பிள்ளை கிறங்கிக் கெடக்கான்"னான். தூங்குறான்யா, நீ சந்தனத்தைத் தடவுன்னேன்.

அப்பத்தான் அவ எல்லை தாண்டி வந்தா. செருப்பில்லாம, தலைமுடி அவுந்து, ரோட்டுல ஒரு வேன் பிரேக் அடிச்சு நிக்குது, அவ பாட்டுக்கு ஓடி வாரா. பூசாரி ஓடிப் போயி மறிக்கிறாரு. தள்ளிவிட்டுட்டு வந்து பிள்ளையப் பிடுங்குறா. தீட்டோட! சாமி பொறுக்குமா? பிள்ளைக்கு இழுத்துருச்சு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது, கண்ணு மேல சொருகுது. நான் அலறிட்டேன். எல்லை தாண்டாதடின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

என்னது? இழுத்தது முன்னாடியா, அவ வந்தது முன்னாடியா? அது... இழுத்ததப் பாத்துத்தான் வைரமுத்து, "சுகந்தீ!"ன்னு கத்துனான். கத்துனதுக்கு அப்புறம்தான் அவ... ஏதோ முன்னப்பின்ன இருக்கும். அந்த நேரத்துல யாரு தாயி கடிகாரத்தப் பாத்தா? அவ தாண்டுனா, பிள்ளைக்கு இழுத்துச்சு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வேன்ல பறந்தோம். வழியில ரெண்டு தடவை இழுத்துச்சு. டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, உடம்புல உப்புக் கொறைஞ்சு போச்சுங்குறாரு. அஞ்சு மாசப் பிள்ளைக்கு என்னாத்துக்குத் தாயி உப்பு? நான் என்ன பால்லயா உப்பப் போட முடியும்? "பாலு யாரு கலந்தது?"ன்னாரு. நான்தான்னேன். "எத்தனை கரண்டி?"ன்னாரு. எல்லாரும் நிக்கிறாங்க. தம்பி நிக்கிறான், வைரமுத்து நிக்கிறான், அவ தரையில உக்காந்து என்னையவே பாக்குறா. ஆறுன்னுட்டேன். கோயில்ல ஆறுன்னு கத்திட்டு ஆஸ்பத்திரியில மூணுன்னு சொல்ல முடியுமா? ஒரு நாக்குதான இருக்கு.

டாக்டரு தலையச் சொறிஞ்சுக்கிட்டே அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட்டுன்னு எழுதுனாரு. ஒரு மணி நேரம் கழிச்சு அவ எந்திரிச்சா. பைக்குள்ள கைய விட்டு அந்தப் பொடி டப்பாவ எடுத்தா. எடுத்துக் கையில வெச்சு இப்படி... தூக்கிப் பாத்தா. மூடியத் தெறந்தா. டாக்டருகிட்டக் கொண்டு போயி, "சார், மூணு நாளைக்கு இது பாதிக்கு மேல காலியாயிருக்கணும் சார்"னா. கணக்கு டீச்சர்ல. கெட்டிக்காரி புளுகு எட்டு நாளைக்கும்பாங்க, எனக்கு மூணு நாளைக்குக்கூட நிக்கல. டாக்டரு டப்பாவப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. உடனே ஊசிய மாத்துனாங்க.

பிள்ளை பொழைச்சுட்டான். நாலு நாளுல எந்திரிச்சுட்டான், நல்லாத்தான் இருக்கான். சுவத்தப் பிடிச்சு நிக்கிறானாம், ராசாத்தி வீடியோவுல பாத்தாளாம். எனக்குக் காட்டுன்னேன், அது அழிஞ்சு போச்சுன்னுட்டா.

தம்பி என்னை ஒரு வார்த்தை வையல. ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ பேசி ஏத்திவிட்டான். "அக்கா, நீ ஊருக்குப் போ. கொஞ்ச நாளைக்கு வராத"ன்னான். கொஞ்ச நாளுன்னா எத்தனை நாளுடா? போன் போட்டா எடுக்க மாட்டான். அவதான் எடுக்க விடல, எனக்குத் தெரியாதா? பெத்தவ அவ சரி, அவனை வளத்தவ யாரு? மூணு கரண்டி கொறைஞ்சதுக்கு முப்பத்தி மூணு வருசத்தக் கழிச்சுவிட்டுட்டாளே. இது எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு?

இன்னைக்குப் போறேன். நாலு பேரு இருக்குற எடத்துல வெரட்ட மாட்டாங்கள்ல? பந்தியில உக்கார மாட்டேன். கேக்கு வேணாம். ஒரு தடவை தூக்கிட்டு, அரணாக்கொடியக் கட்டிவிட்டுட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சுருவேன். என்னை அடையாளம் தெரியுமாங்குறதுதான் எனக்கு இருக்குற ஒரே பயம். தெரியும். கண்டிப்பாத் தெரியும். அந்த மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடந்த பிள்ளை மறக்குமா?

என்ன கேட்ட? ரெண்டு பிள்ளைன்னேனா? ஆமா, ரெண்டுதான். இரட்டை. கனகவேலு, தங்கவேலு. தங்கவேலு நாலு மாசம்தான் இருந்தான். அதே பாலுதான் அவனுக்கும். இவன் மொரடன், இழுத்து இழுத்துக் குடிச்சு அழுது கேப்பான், கூட ஒரு சங்கு ஊத்திருவேன். அவன் சாது. அழக்கூட மாட்டான். என் சுண்டுவிரலைக் குடுத்தாப் போதும், அதையே சப்பிக்கிட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடப்பான். நான் சங்கக் கழுவப் போனாக்கூட விரலை விடமாட்டான். ஒரு நாளு காலையில அவனுக்கும் இழுத்துச்சு. ஆஸ்பத்திரியாவது ஒண்ணாவது அப்ப. காத்துக் கருப்புன்னு திருநீறு போட்டாங்க. அவன் ஆயுசு அம்புட்டுத்தான். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. பதினோரு வயசுப் பிள்ளை ரெண்டுல ஒண்ணைக் காப்பாத்துனதே பெருசுன்னாங்க.

இந்தா முழிச்சுட்டான். வாடா, வாடா என் ராசா. பசிக்குதா? பாலு ரெடியா இருக்கு. பாரு, பதமா ஆறிருச்சு, கையில ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டேன். இந்தா, வாயில வெய்யி.

என்ன தாயி?

நீயும் அதையே கேக்குறயே.

மூணு. மூணுதான் போட்டேன். பஸ்ஸுல போற பிள்ளை, குலுங்கிக் குலுங்கிக் கெட்டிப் பாலு எதுக்களிச்சுருமேன்னு... நல்லதுக்குத்தான... இல்ல தாயி, கேளு... அய்யோ, என்ன, ஜன்னல்ல ஊத்துற? பாத்து, பாத்து, பின் சீட்டுக்காரரு மேல தெறிச்சுறப் போகுது. பூராத்தையும் ஊத்திட்டயே. சரி. உன் பிள்ளை, உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல. நான் அந்தச் சீட்டுக்கு வேணா மாறிக்கிறேன்.

என்ன? என்னைப் பிடிக்கச் சொல்றயா? பிள்ளையவா? இம்புட்டு சொன்னதுக்கு அப்புறமும் எங்கிட்டயா குடுக்குற?

குடு. குடு தாயி. பிடிச்சுக்கிட்டு மட்டும்தான் இருப்பேன். வேற ஒண்ணும் செய்ய மாட்டேன். நீ நிம்மதியாக் கலக்கு. ஆறுன தண்ணி தனி பாட்டில்ல வெச்சிருக்கயா? நல்ல பிள்ளை. அழாதடா, அம்மா கலக்குறா பாரு. எண்ணு தாயி, நானும் எண்ணுறேன். பேசல, பேசல. ஒண்ணு. ரெண்டு. மூணு... இப்பவே வெள்ளையாத்தான இருக்கு? சரி, போடு. நாலு. அஞ்சு. ஆறு. தலைதட்டி ஆறு. அவளும் இப்படித்தான் விரலால வழிப்பா.

பாட்டிலை நான் பிடிக்கட்டுமா? நீ கையைப் பக்கத்துலயே வெச்சுக்க.

அடேயப்பா, என்னா இழுப்பு இழுக்குறான். மெதுவாடா. யாரும் பிடுங்க மாட்டாங்க. பாதி ஆயிருச்சு. கண்ணு சொக்குது பாரு. கை அவுந்துருச்சு. இன்னும் இம்புட்டு இருக்குடா, குடி. குடிடா ராசா.

விட்டுட்டான்.

தாயி, விட்டுட்டானே. பாலு மிச்சம் கெடக்கு, அவன் பாட்டுக்கு விட்டுட்டுத் தூங்குறான். நான் பிடுங்கல, நீயும் பாத்துக்கிட்டுத்தான இருக்க. என் விரலைத் தேடல. சேலையத் தேடல. மூஞ்சியக்கூடப் பாக்கல.

வயிறு நெறஞ்சா பிள்ளைங்க அதுவாவே விட்டுருமா?

எல்லாப் பிள்ளைகளுமா?

...

ஒண்ணுமில்ல. தூசி. ஜன்னல்ல இருந்து தூசி அடிக்கிது.

அப்ப என் கருப்பு அந்த மூணு நாளும்... அந்தச் சின்னவன், என் சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டு... நான் அது பாசம்னு நெனச்சேன் தாயி. ரெண்டு தடவையும் பாசம்னுதான் நெனச்சேன்.

கண்டக்டரு சத்தம் குடுக்குறாரு, ஒட்டன்சத்திரம் வந்துருச்சு. இந்தா, பிள்ளையப் பிடி, தலையப் பாத்து. என் பையை எடு. இல்ல, அரணாக்கொடி உள்ள இருக்கட்டும், அது பெறகு. அவங்க உள்ள விட்டாத்தான? உள்ள விடாட்டியும் பரவாயில்ல, நான் மண்டபத்துக்குள்ள போகல. ரோட்டுக்கு இங்கிட்டே நின்னுக்கிறேன். சுகந்திய மட்டும் வாசலுக்கு வரச் சொல்லணும். ஏழு மாசமா அவ கேட்டதுக்கு நான் பதில் சொல்லாம வெச்சிருக்கேன். நாலு பேரு கேக்குறாப்புல நான் கத்திச் சொல்லணும், மூணுன்னு.